ஏழாம் மாசம் வளையலும் வேணும், ஊசியும் வேணும்

போன இதழ்ல ரத்தசோகை பத்தி எழுதுறப்ப, ஆர்எச் நெகட்டிவ் அம்மாக்களுக்கு தனியா ஒரு நாள் பதில் சொல்றேன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சுடுச்சு. அதனால இந்த தடவை முழுக்க அதுதான். கேட்டவங்க பேர் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன். ரெண்டு மூணு பேர் ஊரும் வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதையும் விட்டாச்சு.

டாக்டரம்மா, எனக்கு இது மொத குழந்தை, பத்து வாரம் ஆகுது. எனக்கு ஓ நெகட்டிவ், அவருக்கு பி பாசிட்டிவ். ரிப்போர்ட் வந்ததுலேர்ந்து மாமியார் "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல"னு ஒரு மாதிரி பேசுறாங்க. போன்ல தேடினா குழந்தை வயித்துலயே போயிடும்னு போட்டிருக்கு. தூக்கமே வரல. – திண்டுக்கல்

மொத அந்த போனை கவுத்து வைம்மா. நீ ஒண்ணும் அதிசயப் பிறவி இல்ல, நம்ம நாட்டுல நூறு பேர எடுத்தா அஞ்சு பேர் சுமாருக்கு நெகட்டிவ்தான், ஐரோப்பாக்காரங்கள்ல நூத்துக்கு பதினஞ்சு பேர். இது வியாதி இல்ல, ரத்தக் குறைவும் இல்ல, பேரீச்சம்பழம் தின்னா மாறுற சமாச்சாரமும் இல்ல. ரத்தத்துல இருக்கிற சிவப்பணு மேல 'டி'னு ஒரு பொருள் ஒட்டிட்டு இருக்கும், அது இருந்தா பாசிட்டிவ், இல்லாட்டி நெகட்டிவ். உனக்கு அது இல்ல, அவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் எங்க வருதுன்னா, உன் வீட்டுக்காரர் பாசிட்டிவ்ங்கிறதால குழந்தையும் பாசிட்டிவா இருக்க வாய்ப்பு இருக்கு. குழந்தை ரத்தமும் உன் ரத்தமும் பத்து மாசமும் நேரா கலக்காது, நடுவுல நஞ்சுக்கொடி இருக்கு, ஆனா பிரசவத்துல நஞ்சு பிரியறப்ப குழந்தை ரத்தம் கொஞ்சம் உன் உடம்புக்குள்ள வந்துடும், ஒரு மில்லிக்கு கம்மியா வந்தாலே போதும், உன் உடம்பு "யார்டா இவன், நம்ம வீட்டுல இல்லாத ஆளு"ன்னு பார்த்து வெச்சுக்கும். அதுக்கு எதிரா ஆன்டிபாடின்னு ஒரு எதிர்ப்புப் பொருளத் தயார் பண்ணும். மொத தடவை அது தயாராக வாரக்கணக்கு ஆகும், அதுக்குள்ள உன் குழந்தை பொறந்து தொட்டில்ல கெடக்கும், அதனால மொத குழந்தைக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா நம்ம உடம்பு பங்காளிப் பகை மாதிரி, ஒரு தடவை மனசுல வெச்சா மறக்கவே மறக்காது. அடுத்த குழந்தையும் பாசிட்டிவா வந்தா, இந்த தடவை சுறுசுறுப்பா சின்ன சைஸ் ஆன்டிபாடியா செஞ்சு அனுப்பும், அது நஞ்சுக்கொடியத் தாண்டிப் போய் குழந்தையோட சிவப்பணுவ உடைக்கும். நீ போன்ல படிச்ச பயங்கரமெல்லாம் இந்த ரெண்டாவது கட்டத்தப் பத்தினது, அதுவும் ஊசி போடாதவங்களுக்கு.

அந்த ஊசிதான் ஆன்டி-டி. உள்ள வந்த குழந்தை ரத்தத்த உன் உடம்பு பார்க்கிறதுக்கு முன்னாடியே அது கழுவி விட்டுடும், வேண்டாத விருந்தாளிய வாசலோட அனுப்பிட்டா வீட்டுக்காரிக்கு அவன் வந்ததே தெரியாதுல்ல, அது மாதிரி. ஊசியே போடாட்டி ஒரு பாசிட்டிவ் குழந்தை பெத்த நெகட்டிவ் அம்மாக்கள்ல நூத்துக்கு பதினாறு பேர் கிட்ட இந்தப் பகை உருவாகும், பிரசவம் முடிஞ்சதும் போட்டா அது ஒண்ணு ரெண்டுக்கு இறங்கிடும், ஏழு மாசத்துலயும் ஒண்ணு சேர்த்துப் போட்டா ஆயிரத்துல ரெண்டு மூணு பேர்தான்.

இப்ப நீ செய்ய வேண்டியது, இந்த வாரமே ஐசிடி எடு, இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட்னு எழுதியிருப்பாங்க, உன் ரத்தத்துல ஏற்கனவே ஆன்டிபாடி இருக்கான்னு பார்க்கிறது. மொத குழந்தைன்னா பெரும்பாலும் நெகட்டிவ்னுதான் வரும், இந்த நெகட்டிவ் நல்ல நெகட்டிவ், குழப்பிக்காத. 28 வாரத்துல திரும்ப அதே டெஸ்ட், ரத்தம் எடுத்த கையோட 300 மைக்ரோகிராம் ஊசி. வளைகாப்பு பேச்சு எடுக்கிற நேரம்தான் அது, அதனால மறக்காது. குழந்தை பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல குரூப் பார்ப்பாங்க, பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள உனக்கு இன்னொரு ஊசி, நெகட்டிவ்னா வேணாம். ஊசி போட்ட கொஞ்ச வாரத்துக்கு கூம்ப்ஸ் எடுத்தா லேசா பாசிட்டிவ் காட்டும், அது ஊசியோட மருந்துதான், அதப் பார்த்து யாராவது பயமுறுத்தினா ஊசி போட்ட தேதிய காட்டு. நடுவுல ரத்தம் பட்டாலோ, வண்டியிலேர்ந்து விழுந்து வயித்துல அடி பட்டாலோ, வலி இல்லாட்டியும் அன்னிக்கே போய் சொல்லு, அதுக்கும் ஊசி உண்டு.

மாமியார் விஷயம். உன் குரூப்ப நீ கடையில வாங்கல, உங்கம்மா ஒரு பங்கு அப்பா ஒரு பங்கு குடுத்தது. அவங்க மகனே கூட உள்ளுக்குள்ள ஒரு நெகட்டிவ் பங்க ஒளிச்சு வெச்சிருக்கலாம், வெளியில பாசிட்டிவ்னு காட்டும். இத படிச்சுக் காட்டு.

மேடம், மனைவி ஏ நெகட்டிவ், நான் ஓ நெகட்டிவ். இருந்தாலும் ஊசி போட்டே ஆகணும்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. தேவையா? – ஓசூர்

ரெண்டு பேரும் நெகட்டிவ்னா குழந்தையும் நெகட்டிவ்தான் தம்பி, ஊசி வேலையே இல்ல. ஆனா உங்க குரூப்ப எங்க பார்த்தீங்க? டிரைவிங் லைசென்ஸ்லயா, காலேஜ் ஐடி கார்டுலயா? அதுல பாதிப் பேர் வாய்க்கு வந்தத சொல்லி எழுதினது. புதுசா ஒரு லேப்ல டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்ட மனைவி ஃபைல்ல சேர்த்துட்டு அப்புறம் டாக்டர்கிட்ட பேசுங்க. இன்னொண்ணு, எங்க பக்கம் நியாயமும் கொஞ்சம் கேளுங்க, குழந்தையோட அப்பா யாருங்கிறத அம்மாதான் சொல்ல முடியும், அத எந்த டாக்டரும் புருஷன் முன்னாடி கேக்க மாட்டாங்க, அதனால சில பேர் பேசாம ஊசியப் போட்டுடுவாங்க. டென்மார்க்ல 2010லேர்ந்து அம்மா கையில எடுத்த ரத்தத்துலயே வயித்துல இருக்கிற குழந்தை பாசிட்டிவா நெகட்டிவான்னு பார்த்து, தேவைப்பட்டவங்களுக்கு மட்டும் போடுறாங்க. இங்க அது இன்னும் எல்லா ஊருக்கும் வரல.

(ஊர் வேண்டாம்) அம்மா, எனக்கு பி நெகட்டிவ், ஒரு பையன் இருக்கான், அவன் பொறந்தப்ப ஊசி போட்டாங்க. எட்டு மாசம் முன்னாடி நாள் தள்ளிப் போச்சு, எங்களுக்கு அப்ப வசதிப்படல, அவரு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டு வந்து குடுத்தாரு, ஒம்போது வாரம் இருக்கும், வீட்டுலயே கலைஞ்சுடுச்சு. யாருக்கும் சொல்லல, ஊசியும் போடல. இப்ப ரெண்டாவது வேணும்னு நினைக்கிறோம். நான் கெடுத்துட்டேனா?

கெடுக்கலம்மா. மொத இத கேளு.

12 வாரத்துக்கு முன்னாடி கலைஞ்சா ஊசி வேணுமா வேணாமாங்கிறதுல இப்ப டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022ல போட்ட வழிகாட்டியில, 12 வாரத்துக்குள்ள நடக்கிற கருக்கலைப்புக்கு ஆன்டி-டி தேவையில்லன்னே சொல்லிட்டாங்க, அந்த நேரத்துல குழந்தையோட ரத்தமே துளிதான் இருக்கும். ஆனா இங்க நாங்க நெறைய பேர் பழைய வழக்கப்படி போட்டுட்டுதான் இருக்கோம், என்னையக் கேட்டா நானும் போடுவேன், ஏன்னா நம்ம ஊர்ல ஒம்போது வாரம்னு சொல்றவங்க ஸ்கேன் எடுத்துப் பார்த்தா பதிமூணு வாரமா இருக்கிறது எனக்கு பழகின காட்சி. நீ ஸ்கேன் எடுத்தியா? இல்லல்ல?

உன் விஷயத்துல ஊசிய விட எனக்குக் கோவம் வர்றது அந்த மாத்திரை மேலதான். எத்தனை வாரம்னு தெரியாம, கரு கர்ப்பப்பையிலதான் இருக்கா இல்ல குழாயில இருக்கான்னு பார்க்காம, அத முழுங்குறது. குழாயில இருந்திருந்தா நீ இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்ட. கருக்கலைப்பு இங்க சட்டப்படி செய்யலாம், கவர்மென்ட் ஆஸ்பத்திரில செய்வாங்க, உன் சம்மதம் போதும், புருஷன் கையெழுத்து கூட வேணாம். இத எழுதி எழுதி எனக்கு கை வலிக்குது.

இப்ப ஒரு ஐசிடி எடு, கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடியே. எட்டு மாசம் ஆச்சுல்ல, பகை உருவாகியிருந்தா பெரும்பாலும் இந்நேரம் தெரியும். நெகட்டிவ்னு வந்தா தைரியமா முயற்சி பண்ணுங்க, நாள் தள்ளினதும் மறுபடி எடுக்கணும், 28 வாரத்துலயும் எடுக்கணும், ஏன்னா சில சமயம் தூங்கிட்டு இருக்கிற பகை அடுத்த கர்ப்பத்துலதான் முழிக்கும். பார்க்கிற டாக்டர்கிட்ட மட்டும் இந்தக் கலைப்ப மறைக்காத. "எத்தனையாவது கர்ப்பம்"னு கேக்குறப்ப மாமியார் பக்கத்துல நின்னா, பாத்ரூம் போறப்ப நர்ஸ்கிட்ட காதுல சொல்லு, எங்களுக்கு அதெல்லாம் பழக்கம்.

எனக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரில பிரசவம் ஆச்சு, பாப்பா ஏ பாசிட்டிவ். அன்னிக்கு ஊசி ஸ்டாக் இல்லன்னாங்க, வெளிய வாங்கிட்டு வர்றதுக்குள்ள டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. இன்னிக்கு ஆறாவது நாள். இனி போட்டு பிரயோஜனம் இல்லன்னு சொல்றாங்க, நிஜமா? – பரமக்குடி

இந்த இதழ் கைக்கு வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்கக் கூடாதுன்னு அன்னிக்கே போன்ல கூப்பிட்டு சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக இங்க போடுறேன். 72 மணி நேரம்ங்கிறது சிறந்த நேரம், அதத் தாண்டினா கதவு சாத்திடும்னு அர்த்தம் இல்ல. பத்து நாள் வரைக்கும் போட்டா ஓரளவு காப்பாத்தும்னு பிரிட்டிஷ் வழிகாட்டி சொல்லுது, அமெரிக்காவுல 28 நாள் வரைக்கும் கூட போடச் சொல்றாங்க. பலன் குறைஞ்சுட்டே போகும், ஆனா சும்மா இருக்கிறத விட மேல்.

ஸ்டாக் விஷயம், ஏழாம் மாசமே பிரசவம் பார்க்கப் போற இடத்துல கேட்டு வெச்சுக்கணும். இந்த ஊசிய ஃபிரிட்ஜ்ல 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், எல்லா மெடிக்கல்லயும் இருக்காது, ஞாயித்துக்கிழமை ராத்திரி புருஷன் டவுன் முழுக்க அலையிற கதைய நான் எத்தனையோ பார்த்திருக்கேன். வெளிய வாங்கினா ரெண்டாயிரம் மூவாயிரம்னு ஆகும். வாங்கினா ஐஸ் பாக்கெட்டோட எடுத்துட்டு வாங்க, சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு மத்தியான வெயில்ல பைக்ல வரக் கூடாது.

ரெண்டாவது குழந்தை, 18 வாரம். எனக்கு ஏபி நெகட்டிவ். மூத்தவன் பொறந்தப்ப ஊசி போடலன்னு இப்பதான் தெரியுது, அப்ப என் அட்டையில குரூப்பையே தப்பா எழுதியிருக்காங்க. கூம்ப்ஸ் பாசிட்டிவ், 1:32னு ரிப்போர்ட். ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்றாங்க, ஒருத்தர் இப்ப ஊசி போட்டுக்கலாம்ங்கிறார். – நாகர்கோவில்

உன் கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். அட்டையில ஒரு சின்ன கோடு, கூட்டலா கழித்தலான்னு, அதுக்கு இவ்ளோ விலை.

நேரா சொல்றேன். ஊசி இனி வேணாம். ஆன்டி-டி வர்ற பகையத் தடுக்கும், வந்துட்ட பகைய ஒண்ணும் பண்ணாது. 1:32ங்கிறது உன் ரத்தத்த 32 மடங்கு தண்ணியாக்கினாலும் ஆன்டிபாடி வேலை செய்யுதுன்னு அர்த்தம், 1:16 தாண்டினாலே குழந்தைய கிட்டத்துல வெச்சுப் பார்க்கணும்னு நாங்க எடுத்துக்குவோம். ஆனா இந்த நம்பர் உன் ரத்தத்தப் பத்திதான் சொல்லுது, குழந்தை எப்படி இருக்குன்னு சொல்லாது. அதுக்கு ஸ்கேன்தான். சாதா ஸ்கேன் சென்டர் இல்ல, ஃபீட்டல் மெடிசின், அதாவது வயித்துல இருக்கிற குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்கிட்ட இந்த வாரமே போ, திருவனந்தபுரமோ மதுரையோ எது வசதியோ.

அங்க குழந்தையோட மூளைக்குப் போற ஒரு ரத்தக்குழாயில ரத்தம் எவ்ளோ வேகமா ஓடுதுன்னு டாப்ளர்ல அளப்பாங்க. ஏன் வேகம்? கெட்டித் தயிர் ஊத்தினா மெதுவா வழியும், தண்ணி மோர் ஊத்தினா ஓடும்ல, சிவப்பணு உடைஞ்சு ரத்தம் நீர்த்துப் போனா அதே கதைதான். அந்த வயசுக்கு இருக்க வேண்டிய வேகத்த விட ஒன்றரை மடங்கு தாண்டினா குழந்தைக்கு ரத்தசோகைன்னு வெச்சு, வயித்துக்குள்ளயே ரத்தம் ஏத்துவாங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இந்த ஸ்கேன் இருக்கும், அலைச்சல்தான், ஆனா விடாத.

வயித்துக்குள்ள ரத்தம் ஏத்துறதுன்னதும் மயக்கம் வர வேணாம். 1963ல நியூசிலாந்துல லைலினு ஒரு டாக்டர் மொத மொதல்ல இத செஞ்சார், அப்ப ஸ்கேனே கிடையாது, எக்ஸ்ரே வெச்சு குழந்தையோட வயித்துக்குள்ள ஏத்தினார். நான் மொத தடவை இத பக்கத்துல நின்னு பார்த்தப்ப ரூம்ல ஒரு சத்தம் இல்ல. அம்மா வயித்து மேல ஜெல், ஸ்கிரீன்ல தொப்புள்கொடி நூல் மாதிரி ஆடுது, மெல்லிசா ஒரு ஊசி வெள்ளைக் கோடா இறங்குது, கொடியோட ரத்தக்குழாயத் தொட்டதும் டாக்டர் தலைய மட்டும் ஆட்டினார், பக்கத்துல இருந்தவர் சிரிஞ்ச்ச மெதுவா தள்ளினார், ஸ்கிரீன்ல அந்தக் குழாய்க்குள்ள மினுமினுன்னு ஓடுச்சு பாரு, ஓ நெகட்டிவ் ரத்தம். அந்தம்மா கண்ண மூடிட்டு கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துட்டு இருந்தா. இருவது நிமிஷத்துல முடிஞ்சது. அவளுக்கு அது மாதிரி மூணு தடவை ஏத்தி 36 வாரத்துல பிரசவம் ஆச்சு.

உனக்கு ஏத்தாமலே கூட போகலாம், வீட்டுக்காரர் ரத்தத்துல ஒரு நெகட்டிவ் பங்கு ஒளிஞ்சிருந்தா குழந்தை நெகட்டிவா இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு, அப்படின்னா உன் ஆன்டிபாடி குழந்தைய சீண்டவே சீண்டாது. ஏத்தணும்னாலும் பழகின சென்டர்கள்ல, குழந்தை உடம்புல நீர் கோக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா, பத்துல ஒம்போதுக்கு மேல பொழச்சு வருது. பிரசவம் 37, 38 வாரத்துல திட்டம் போட்டு வைப்பாங்க, குழந்தை டாக்டர் பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரியா பார்த்துக்கோ. பொறந்தப்புறமும் மஞ்சள் இறங்க நீல லைட், தேவைப்பட்டா ரத்தம் மாத்துறது, ரெண்டு மூணு மாசம் வரைக்கும் ஹீமோகுளோபின் பார்த்துட்டே இருக்கிறதுன்னு கொஞ்சம் வேலை இருக்கு. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதும்மா.

பேத்தி பொறந்து மூணாம் நாளு, மஞ்சளா இருக்கான்னு கண்ணக் கட்டி நீல லைட்டுக்கு அடியில போட்டுட்டாங்க. காலையில இளவெயில்ல காட்டினா போகாதா? தாய்ப்பால் நிறுத்தணுமா? மக நெகட்டிவ், ஊசி போட்டிருக்கு. – திருவாரூர் பாட்டி

பாட்டிம்மா, பொறந்த குழந்தைங்கள்ல பாதிக்கு மேல ரெண்டாம் நாள் மூணாம் நாள் மஞ்சளாகி தானா இறங்கும், மக நெகட்டிவ்ங்கிறதால வந்ததுன்னே இல்ல. நாங்க பயப்படுறது பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள வர்ற மஞ்சளுக்குத்தான், அது நல்ல மஞ்சள் இல்ல. மஞ்சள் ரொம்ப ஏறினா மூளையில படிஞ்சு காது கேக்காம, கை கால் இழுத்துக்கும், அதனாலதான் ரத்தத்துல அளவு பார்த்து லைட்ல வைக்கிறாங்க. இளவெயில் அந்த வேலைய செய்யாது. பாலை நிறுத்தவே வேணாம், அடிக்கடி குடுக்கச் சொல்லுங்க, மஞ்சள் மலத்தோடதான் வெளிய போகுது. ஊசி மருந்து பால்ல வந்து குழந்தைய ஒண்ணும் செய்யாது. கண்ணு கட்டு லைட்டுக்காக, குழந்தைக்கு பார்வை போகல. கிட்ட போய் பாருங்க, கட்டுக்கு அடியில தூங்கிட்டுதான் இருப்பா.

ஊசி மனுஷ ரத்தத்துலேர்ந்து செய்யிறதுன்னு கேள்விப்பட்டேன். எச்ஐவி மாதிரி ஏதாவது வந்துடாதா? – அம்பத்தூர்

மனுஷ ரத்தத்துலேர்ந்துதான், இன்னும் சரியா சொன்னா அதுல இருக்கிற நீர்ப் பகுதி, பிளாஸ்மாவுலேர்ந்து. குடுக்கிறவங்க ரத்தத்த சோதிச்சு, எடுத்த பிளாஸ்மாவுல கிருமிய அழிக்கிற வேலையெல்லாம் பண்ணித்தான் வருது, அந்த பயம் வேணாம். 1968லேர்ந்து இந்த ஊசி போட்டுட்டு இருக்காங்க. ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒரு மனுஷன், 14 வயசுல நெஞ்சுல பெரிய ஆபரேஷன், யார் யாரோ குடுத்த ரத்தத்துல பொழச்சார், 18 வயசுலேர்ந்து குடுக்க ஆரம்பிச்சார். அவர் ரத்தத்துல இந்த ஆன்டி-டி நெறைய இருக்குன்னு கண்டுபிடிச்சப்புறம் 81 வயசு வரைக்கும் விடாம, மொத்தம் 1173 தடவை குடுத்திருக்கார். 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவுச்சுன்னு அந்த நாட்டு செஞ்சிலுவைச் சங்க ரத்தப் பிரிவு சொல்லுது. ஒவ்வொரு தடவையும் ஊசி குத்துறப்ப வேற பக்கம் பார்த்துக்குவாராம், ஊசின்னா அவருக்கு பயம். 2025 பிப்ரவரில 88 வயசுல காலமானார்.

ரெண்டாவது சிசேரியனோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிக்கப் போறேன். இனி குழந்தையே இல்ல, அப்புறம் எதுக்கு ஊசிக்கு செலவு? – ஆரணி

நியாயமான கேள்விதான். ஆனாலும் போட்டுக்கச் சொல்லுவேன். ஆபரேஷன் பண்ணியும் கர்ப்பமாகிறவங்க அபூர்வமா உண்டு, நாளைக்கு வாழ்க்கை எப்படி மாறும்னும் தெரியாது, ஆபரேஷன பிரிச்சு திரும்ப குழந்தை பெத்துக்கிட்டவங்கள நானே பார்த்திருக்கேன். குழந்தை பாசிட்டிவா இருந்தா மட்டும் போட்டா போதும், மொத குரூப் வரட்டும்.

எனக்கு 66 வயசு. எங்கம்மாவுக்கு நான்தான் மூத்தவ. எனக்கப்புறம் அஞ்சு, ரெண்டு வயித்துலயே, மூணு பொறந்து ரெண்டு நாள்ல மஞ்சளாகிப் போச்சு. "தம்பி தங்கச்சிய முழுங்குனவ"ன்னு என்னைத்தான் சொல்லுவாங்க, எங்கம்மாவே ஒரு தடவை சொல்லியிருக்கா. இப்ப பேத்திக்கு நெகட்டிவ்னதும் டாக்டர் கேட்ட கேள்விய வெச்சு எனக்கு ஒரு சந்தேகம். அது இதுதானா? – காரைக்குடி பக்கம்

அக்கா, கடிதத்த வெச்சு உறுதியா சொல்ல முடியாது, ஆனா மூத்தது நல்லா இருந்து அடுத்தடுத்தது இப்படிப் போறது, இதோட அச்சு அசல் அடையாளம். உங்க குரூப் பாசிட்டிவ்வான்னு பாருங்க, அப்படின்னா சந்தேகம் இன்னும் பலப்படும். அஞ்சுமே போச்சுன்னா உங்க அப்பாகிட்ட ரெண்டு பங்கும் பாசிட்டிவா இருந்திருக்கும். இப்படி ஒண்ணு இருக்குன்னு உலகத்துக்கே 1940 வாக்குலதான் புரிய ஆரம்பிச்சது, ரீசஸ் குரங்கு ரத்தத்த வெச்சு ஆராய்ச்சி பண்ணப்ப வெச்ச பேர்தான் ஆர்எச். நீங்க பொறந்தப்ப உலகத்துல எங்கயுமே இந்த ஊசி கிடையாது. தெரிஞ்சிருந்தாலும் உங்கம்மாவுக்கு குடுக்க ஒண்ணுமில்ல.

என் வீட்டுக் கதையும் இதுதான். எங்கண்ணன் மூத்தவன், அவனுக்கப்புறம் ரெண்டு பொண்ணுங்க, ரெண்டும் ஒரு வாரம் தாண்டல. அப்புறம் பாட்டி சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டாங்க, நான் பொறந்தேன், மஞ்சளே இல்லாம செக்கச்செவேல்னு. காலேஜ்ல ரெண்டாவது வருஷம் ரத்தக் குரூப் பார்க்கிற பிராக்டிகல், வெள்ளை ஓட்டு மேல என் ரத்தத்த மூணு சொட்டு வெச்சு, ஏ, பி, டின்னு ஒவ்வொண்ணையும் கண்டுபிடிக்கிற சீரம் விட்டேன், பக்கத்துப் பொண்ணோடது டி சொட்டுல திரி திரியா திரிஞ்சு போச்சு, என்னோடது கரைச்ச குங்குமம் மாதிரி அப்படியே நிக்குது. பி நெகட்டிவ். லீவுக்கு வீட்டுக்குப் போனப்ப சீரம் பாட்டில கெஞ்சி வாங்கிட்டுப் போய் அடுப்படியில வெச்சு எங்கம்மா விரல்ல குத்தினேன். அதுவும் திரியல. எங்கப்பாவோடது திரிஞ்சுது. அவர்கிட்ட இருந்த ஒளிஞ்ச நெகட்டிவ் பங்கு எனக்கு வந்ததால எங்கம்மாவோட ஆன்டிபாடிக்கு என் மேல சண்டை பிடிக்க காரணமே இல்ல. நான் இதெல்லாம் எங்கம்மாகிட்ட சொல்லி முடிச்சதும் அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "அப்ப நான் பத்தியம் மீறி மாங்கா தின்னதால இல்லியே?" இருவது வருஷமா அந்த மாங்காய சுமந்துட்டு இருந்திருக்காங்க.

நீங்க யாரையும் முழுங்கல அக்கா. பேத்திய ஏழாம் மாசம் ஊசி போட நீங்களே கூட்டிட்டுப் போங்க.

தங்கச்சிக்கு ஓ நெகட்டிவ், அடுத்த மாசம் பிரசவம். ரத்தம் முன்னாடியே வாங்கி வைக்கணுமா? – கரூர்

வாங்கி வீட்டுல வைக்க முடியாது தம்பி. பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியோட ரத்த வங்கியில இப்பவே போய் கேளுங்க, ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட் கைவசம் இருக்குமான்னு. அவளுக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏத்தணும், ஓ பாசிட்டிவ் கூடாது. கூடப்பொறந்தவங்க, சித்தப்பா பெரியப்பா பசங்கன்னு எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, குடும்பத்துக்குள்ளயே இன்னொரு ஓ நெகட்டிவ் கிடைக்க வாய்ப்பு உண்டு, மொத உங்களுக்கே பாருங்க. ரெண்டு பேர் நம்பர் வாங்கி அவ அட்டையோட பின் பண்ணி வைங்க, வளைகாப்பு ஆல்பத்துல இல்ல, ஆஸ்பத்திரி பையில.